டிபிக்யூ கட்டுரை: எப்படித் திருத்திக் கொடுத்தால் பிள்ளை கற்றுக்கொள்ளும்?

அமெரிக்காவில் ஏபி வரலாறு (உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்) எடுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் டிபிக்யூ, அதாவது ஆவணம் சார்ந்த கேள்வி, என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றைச் சான்றாக வைத்து ஒரு வாதத்தை எழுதச் சொல்லும் கேள்வி அது. ஒரு மணி நேரம், தேர்வின் மொத்த மதிப்பில் 25 சதவீதம். ரூப்ரிக்கில், அதாவது மதிப்பெண் வழிகாட்டியில், 7 புள்ளிகள்: தீசிஸுக்கு (கட்டுரையின் மைய வாதத்துக்கு) 1, காலப் பின்னணிக்கு 1, சான்றுக்கு 3, அலசலுக்கு 2. ஆண்டு முழுக்க ஆசிரியர் இதை எழுத வைத்துத் திருத்திக் கொடுத்துக்கொண்டே இருப்பார், ஆனாலும் செப்டம்பரில் 3 வாங்கிய பிள்ளை பிப்ரவரியிலும் அதே 3-இல் நிற்பதை நிறையப் பார்க்கிறேன். திருத்திய தாள் கைக்கு வந்த பிறகு அந்தப் பிள்ளை அதை வைத்து ஒன்றுமே செய்வதில்லை, அதுதான் காரணம். எனவே திருத்தும் முறைகளை ஒப்பிடும்போது நான் கேட்பது இது ஒன்றைத்தான்: தாள் வந்ததும் பிள்ளை என்ன செய்யும்?

ஒப்பிட ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ஆட்சி இந்தியப் பொருளாதாரத்தை எந்த அளவுக்கு மாற்றியது என்பது கேள்வி. ஆவணங்களில் ஒன்று தாதாபாய் நௌரோஜி 1871-இல் எழுதியது. ஆட்சியின் நன்மைகளையும் தீமைகளையும் அடுக்கிவிட்டு, நாட்டு மக்கள் இதைச் சர்க்கரைக் கத்தி என்கிறார்கள் என்று சொல்லும் பகுதி. வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும்: “ஆவணம் 3-இல் நௌரோஜி பிரிட்டிஷ் ஆட்சியைச் சர்க்கரைக் கத்தி என்கிறார். இதிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்குக் கெடுதல் செய்தது என்று தெரிகிறது.” மேற்கோள் சரி, எடுத்த ஆவணமும் சரி. ஆனால் சர்க்கரை எது, கத்தி எது, பொருளாதாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரிகூட இல்லை.

முதல் முறை, ரூப்ரிக் எண் மட்டும் போட்டுத் தருவது. மேலே 4/7, கீழே எந்தப் புள்ளி கிடைத்தது, எது போனது என்று டிக். ஆசிரியருக்கு ஒரு தாளுக்குச் சில நிமிடம் போதும். தீசிஸ், காலப் பின்னணி இரண்டுக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அவை இருக்கின்றனவா இல்லையா என்று பிள்ளையே தாளைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். (இணையத்தில் பழைய ரூப்ரிக் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். சான்றுக்கான இரண்டாம் புள்ளிக்கு முன்பு ஆறு ஆவணங்கள் வேண்டும்; 2023-24 கல்வியாண்டிலிருந்து நான்கு போதும். ஆவணத்தை எழுதியவரின் நோக்கம், நிலைப்பாடு, அவர் யாருக்காக எழுதினார் போன்றவற்றை விளக்குவதும் மூன்று ஆவணங்களிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது.) நம் சர்க்கரைக் கத்திப் பத்திக்கு மட்டும் இந்த முறை உதவாது. சான்றுக்கு 1/3 என்று பார்த்ததும் பிள்ளை எடுக்கும் முடிவு, அடுத்த தடவை இன்னும் நிறைய ஆவணம் போடணும் என்பது. சொன்னபடி செய்யவும் செய்யும்: மூன்று மேற்கோள் இருந்த இடத்தில் ஆறு வரும், ஆறும் விளக்கமில்லாமல் தொங்கும்.

இரண்டாவது, ஓரமெல்லாம் குறிப்பெழுதி, கடைசியில் மதிப்பெண்ணும் போடுவது. பெற்றோருக்கு இதுதான் பிடிக்கும், சிவப்பு மையைப் பார்த்தால் ஆசிரியர் உழைத்திருக்கிறார் என்று ஒரு நிம்மதி. உழைத்திருக்கிறார்தான். வகுப்புக்கு 30 பேர், ஐந்து வகுப்பு, தாளுக்கு 15 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 37 மணி நேரம், அதாவது ஒரு முழு வேலை வாரம். இவ்வளவும் கொடுத்து என்ன கிடைக்கிறது? கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் கருத்து மட்டும், ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பகுதியினருக்கு இரண்டும் கொடுத்தார்கள். கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்பாடும் மேலாக இருந்தன. இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். அது கட்டுரை எழுதும் ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தாளை வாங்கியதும் எண்ணைப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைக்கும் பிள்ளையை எந்த வகுப்பிலும் காணலாம். அதோடு பின்னூட்டம் என்றாலே நல்லது என்று நினைப்பதும் தவறு: 1996-இல் க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் பின்னூட்டம் செயல்பாட்டைக் குறைத்திருந்தது.

மூன்றாவது முறையைத்தான் நான் ஆதரிக்கிறேன். மதிப்பெண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல், தாளில் ஒரே ஒரு பத்தியைக் கோடிட்டு, கேள்வி மட்டும் எழுதித் தருவது. நம் பத்திக்கு: “சர்க்கரை எது, கத்தி எது? தீமைகளுக்கு முன்னால் நன்மைகளை ஏன் அடுக்குகிறார்?” அப்புறம் வகுப்பிலேயே 15 நிமிடம், அந்தப் பத்தியை மட்டும் திரும்ப எழுத வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் எழுதி வராது, அல்லது வேறு யாராவது எழுதியதாக வரும்.

ஆவணத்தைத் திரும்பப் புரட்டும் பிள்ளை இப்படி ஏதாவது எழுதும்: “அமைதி, ரயில் போன்ற நன்மைகளை நௌரோஜி ஒப்புக்கொள்கிறார், அதே சமயம் இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்துபோவதைக் கணக்கோடு காட்டுகிறார். ஆங்கிலேயர் காதில் ஏற வேண்டும் என்பதால்தான் முதலில் நன்மைகளைச் சொல்கிறார், ஆகவே அவருடைய குற்றச்சாட்டை வெறும் கோபம் என்று தள்ள முடியாது.” மேற்கோள் அதேதான். ஆனால் இப்போது அது வாதத்தைத் தாங்குகிறது, கூடவே எழுதியவரின் நோக்கமும் உள்ளே வந்துவிட்டது, அலசல் புள்ளிக்குத் தேவையான இரண்டு ஆவணங்களில் ஒன்று தேறிவிட்டது. கல்வி ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1989-லேயே சொன்ன விஷயம் இது: எட்ட வேண்டிய தரம் தெரிய வேண்டும், தன் நிலை தெரிய வேண்டும், நடுவில் உள்ள இடைவெளியைக் குறைக்கும் வேலையையும் மாணவரே செய்ய வேண்டும். முதல் இரண்டு முறைகளிலும் இந்த மூன்றாவது நடப்பதே இல்லை.

இதற்கு எதிரி பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறார். பள்ளியின் இணைய மதிப்பெண் ஏட்டைத் தினமும் திறந்து பார்க்கும் அப்பா அம்மாக்கள், எண் வரவில்லை என்றதும் ஆசிரியருக்கு மின்னஞ்சல் போடுகிறார்கள். தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். திரும்ப எழுதிய பத்தி கைக்கு வந்த பிறகு எண் வரட்டும்.

நான்காவது, வகுப்பு முழுமைக்கும் ஒரே தாள். ஆசிரியர் எல்லாக் கட்டுரைகளையும் படித்துவிட்டு, பொதுவாக வந்த சிக்கல்களையும் ஒரு நல்ல பத்தியையும் ஒரு பக்கத்தில் தருவார். நேரம் மிச்சம், நல்ல பத்தியைக் கண்ணால் பார்க்கும் பலனும் உண்டு. ஆனால் பின்தங்கிய பிள்ளைக்கு இதில் எது தன் சிக்கல் என்று தெரியாது. அவர்களுக்கு மட்டும் கட்டுரைத் தாளில் அந்தச் சிக்கலின் வரிசை எண்ணைக் குறித்து, இது உனக்கு என்று காட்டிவிட்டால் சரி.

கடைசியாக இயந்திரம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான இ-ரிவைஸ் என்ற கருவி, ஐந்து, ஆறாம் வகுப்புக் கட்டுரைகளில் எத்தனை சான்றுகள் உள்ளன, எவ்வளவு குறிப்பாக உள்ளன என்று பார்த்து, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லும். உடனே பதில் வருவது பெரிய வசதி. ஆனால் பிள்ளைகள் அதைக் கேட்டுத் திருத்த முயன்றும் எல்லாக் கட்டுரையும் மேம்பட்டுவிடவில்லை. சான்றைச் சேர்ப்பதைவிட அதை விளக்குவது கடினம். சாட்பாட்டுகளில் சிக்கல் வேறு: கேட்டால் பத்தியையே எழுதிக் கொடுத்துவிடும், பிள்ளை யோசிக்க வேண்டிய அந்த 15 நிமிடம் காணாமல் போகும். “திருத்தி எழுதாதே, கேள்வி மட்டும் கேள்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஓரளவு பயன்படும்.

என்னிடம் கேட்டால் மார்ச் வரை மூன்றாவது முறைதான், ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமில்லாத வாரங்களில் நான்காவது. தேர்வு மே மாதம் என்பதால் ஏப்ரலில் மட்டும் முதல் முறைக்கு மாறலாம்: முழு ஒரு மணி நேரம், தேர்வு இப்போது ப்ளூபுக் செயலியில் நடப்பதால் கணினியில் தட்டச்சு செய்தே எழுதி, எண்ணை உடனே பார்ப்பது. விளக்கும் பழக்கம் அதற்குள் வந்திருந்தால் எண் மட்டுமே போதும். வரவில்லை என்றால் ஏப்ரலிலும் ஒரு பத்தி, ஒரு கேள்வி, 15 நிமிடம்.