ப்ளூபெர்ரியா நாவப்பழமா?

என் தங்கச்சி ஃப்ரிட்ஜ்ல 125 கிராம் ப்ளூபெர்ரி டப்பா ஒண்ணு வச்சிருக்கா, காலைல ஓட்ஸ்ல பத்து பழம் எண்ணிப் போட்டுதான் சாப்பிடுறா, அதே தெருமுக்குல தள்ளுவண்டில நாவப்பழம் குமிச்சு வச்சிருக்காங்க அத திரும்பிக்கூட பாக்க மாட்டா. கேட்டா "அதுல ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் இருக்குண்ணா"ங்குறா.

சரி இதுல மட்டும் இல்லையா? ரெண்டுக்கும் அந்த ஊதா கலர குடுக்குறது ஆந்தோசயனின்ங்குற ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட்தான். டெல்ஃபினிடின், மால்விடின், பெட்டுனிடின்னு அதுல இருக்குற வகைங்ககூட ரெண்டுலயும் உண்டு. கடைல வர்ற ப்ளூபெர்ரிய பாதியா கடிச்சுப் பாருங்க, தோல்தான் நீலம், உள்ள வெளிறுன பச்சை. நாவப்பழத்துல தோல ஒட்டுன சதைலயும் சாயம் ஏறியிருக்கும், அதான் நாக்கு அந்த கதி ஆகுது. தொண்டைய புடிக்கிற துவர்ப்பு டானின், அது ப்ளூபெர்ரில இந்த அளவுக்கு தெரியாது.

ஆனா ஆராய்ச்சின்னு வந்தா ப்ளூபெர்ரி எங்கயோ போயிடுச்சு, அத ஒத்துக்கணும். 2019ல இங்கிலாந்துல ஈஸ்ட் ஆங்கிலியா யுனிவர்சிட்டி ஆளுங்க, எடை கூடி பிபி சுகர் எல்லாம் எட்டிப் பாக்குற நிலைமைல இருந்தவங்களுக்கு தினம் ஒரு கப் ப்ளூபெர்ரிக்கு சமமான பொடிய ஆறு மாசம் குடுத்துப் பாத்தாங்க, ரத்தக்குழாய் விரியுற தன்மை நல்லாவே முன்னேறுச்சு, ஆனா இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியா கட்டுப்படாத நிலைமை, அப்படியேதான் இருந்துச்சு. கவனிங்க, தினம் ஒரு கப், பத்து பழம் இல்ல. அந்த ஆய்வுக்கு அமெரிக்க ப்ளூபெர்ரி விவசாயிங்களோட கவுன்சில் பணமும் போயிருக்கு. அதனால ஆய்வு பொய்னு சொல்ல வரல, நாவல் மரத்துக்கு அப்படி ஒரு கவுன்சில் இல்ல, அதான் இங்க முக்கால்வாசி எலிய வச்சு செஞ்ச ஆய்வாவே இருக்கு.

டப்பால போடுற ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் நம்பர நம்பி வாங்காதீங்க. டெஸ்ட் டியூப்ல எடுத்த அந்த மதிப்புக்கும் உடம்புல நடக்குறதுக்கும் சம்பந்தம் இல்லன்னு அமெரிக்க விவசாயத் துறையே தாங்க போட்டிருந்த அந்த நம்பர் பட்டியல 2012ல தூக்கிட்டாங்க. ஆந்தோசயனின் நேரா ரத்தத்துல சேருறது கொஞ்சூண்டுதான், மிச்சத்த பெருங்குடல்ல இருக்குற பாக்டீரியா உடைச்சு வேற பொருளா மாத்துது, நன்மைல பெரும்பங்கு அதுலதான்னு இப்ப நெனைக்கிறாங்க.

நம்ம பக்கமும் ரீல் ஓடுது, நாவக்கொட்டை பொடி சாப்பிட்டா சுகர் மாத்திரையே வேணாம்னு. பிரேசில்ல நாவல் இலை டீ குடுத்து சுகர்காரங்ககிட்ட சோதிச்சாங்க, சுகர் இறங்கல. கொட்டை வேற இலை வேறதான், ஆனாலும் மாத்திரைய நிறுத்துற அளவுக்கு எந்த ஆதாரமும் இல்ல, மாத்திரையோட சேத்து பொடியும் போடுறவங்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

என் கணக்கு சிம்பிள். ஆனி ஆடில நாவப்பழம், யோசிக்கவே வேணாம், வாங்கி ரெண்டு நாள்ல கசிய ஆரம்பிச்சிடும் அதனால கால் கிலோவுக்கு மேல வேணாம். சீசன் முடிஞ்சதும் கண்டிப்பா பெர்ரிதான் வேணும்னா ஃப்ரோஸன் ப்ளூபெர்ரி எடுங்க, உறைய வச்சா சத்து பெருசா போயிடாது. வண்டிக்காரர் மேல தூவித் தர்ற உப்ப மட்டும் பிபி இருக்கவங்க வேணாம்னு சொல்லிடுங்க, ரத்தக்குழாய்க்குன்னு பழம் வாங்கிட்டு அதுக்கு மேல உப்பப் போட்டு என்ன பிரயோஜனம்.