பானைக்குள் பானை: விசுவமடுவில் மூன்று வருசம்

2022 பங்குனிக் கடைசி. இலங்கையில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நின்ற காலம். பிறிட்ஜுக்குள் இருந்த பயிற்றங்காய் வேர்த்து அழுகி நாறிப்போச்சு. அந்தக் கிழமைதான் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை இறக்கி, இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு மணல் போட்டு நனைத்து, வாயை ஈரச்சாக்கால் மூடினேன். ஈரம் பானைச் சுவரால் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். குடிதண்ணீர்ப் பானை குளிர்வதும் இப்படித்தான்.

முதல் மாதம் ஒரு பலனும் இல்லை. குசினி மூலையில் வைத்திருந்தேன். மாமி ஒருநாள் பார்த்துவிட்டு, "பிள்ளை, காத்துப் படாத இடத்தில பானை எப்பிடிக் குளிரும்?" என்றா. தாழ்வாரத்து நிழலில் நாலு கல்லை அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

சோளகம் அடிக்கும் ஆடியில் அளந்து பார்த்தேன். மத்தியானம் வெளியே 34 பாகை, பானைக்குள் 27. வெளியே இரண்டு நாளில் வாடும் பயிற்றங்காய் உள்ளே ஐந்து நாள் நின்றது. முளைக்கீரை மூன்றாம் நாளும் சமைக்கலாம். கத்தரிக்காய்க்கு இது பிறிட்ஜை விட நல்லது என்பேன். 10 பாகைக்குக் கீழே பல நாள் கிடந்தால் அதன் தோல் குழிவிழும், விதை கறுக்கும். கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் நான் பானையைக் கைவிடாததற்குக் கத்தரிக்காய்தான் காரணம். கதலிப்பழம் பானைக்கும் பிறிட்ஜுக்கும் வேண்டாம், வெளியே தொங்கட்டும்.

பழுத்த பப்பாசிப் பழத்தையும் வெள்ளரிக்காயையும் ஒன்றாக உள்ளே வைத்தது என் பிழை. பழுக்கிற பழம் எதிலீன் வாயுவை விடும். மூன்றாம் நாள் வெள்ளரிக்காய் மஞ்சளாகிவிட்டது. சின்ன வெங்காயத்தை வைத்ததோ அதைவிட மோசம், முளைத்தே விட்டது. வெங்காயத்துக்குக் காய்ந்த காற்று வேண்டும். அம்மம்மா பிடிபிடியாகக் கட்டிக் கூரை வளையில் தூக்கினது சும்மா இல்லை.

விளம்பரம் மாதிரிப் பேசுகிறவர்கள் சொல்லாத குறை ஒன்று: எங்கள் கிணற்றுத் தண்ணி கல்லுத்தண்ணி. ஒரு வருசத்தில் வெளிப்பானை முழுக்க வெள்ளையாய் உப்புப் பூத்துக் கண்துளை அடைபட்டு, குளிர்ச்சி பாதியாய்ப் போச்சு. தும்பால் உரஞ்சிக் கழுவி, மணலை மாற்றிய பிறகே சரிவந்தது. இப்போது கோடையில் மாதம் ஒருதரம் உரஞ்சுகிறேன். காலையும் பின்னேரமும் தண்ணி விட மறந்தால் அது வெறும் பானைதான்.

மாரியில் இதை நம்பவே வேண்டாம். கார்த்திகையில் வெளியே 27, உள்ளே 26. காற்றே ஈரமாக இருக்கும்போது பானை ஈரம் எங்கே போவது? முதல் மாரியில் இது தெரியாமல் தக்காளியை வைத்து, நாலாம் நாள் பூஞ்சணத்தோடு அள்ளிக் கொட்டினேன். இப்போது மழை தொடங்கினால் கீரையைக் கழுவாமல் துணியில் சுற்றிப் பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறேன், சமைக்கிற நேரம் கழுவுகிறேன்.

இந்த ஐப்பசியும் பானைகளைக் கழுவிக் காயவைத்து, தாழ்வாரத்தில் சரித்து வைத்திருந்தேன். பெரியதற்குள் கோழி ஒன்று அடைக்கு இருக்குது. மாசி வரைக்கும் அதுக்கே இருக்கட்டும்.