படகின் எஞ்சின் மூடிக்குப் புதுப் பலகை: பல கோடைக்குப் பிறகு எப்படி இருக்கிறது?

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள், எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பார்கள், ட்ரெய்லரின் டயரைக்கூட உதைத்துப் பார்ப்பார்கள். எஞ்சினை மூடியிருக்கும் மெத்தைப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. எஞ்சின் உள்ளேயே இருக்கும் படகுகளில் முதலில் இற்றுப்போவது பெரும்பாலும் அதுதான். நீந்திவிட்டு ஏறுகிறவர்கள் சொட்டச் சொட்ட முதலில் உட்காருவது அதன் மேல். மழை நிற்பதும் அதன் மேல். கீழே எஞ்சின் சூடு. ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

எங்களுடையது 1990களில் கட்டிய 19 அடி பவ்ரைடர், அதாவது முன்பக்கத்திலும் இருக்கை உள்ள திறந்த படகு. மெர்க்ரூசர் 3.0 லிட்டர் எஞ்சின். ஒன்ராறியோவில் சிம்கோ ஏரியில்தான் ஓடுகிறது. 2019 வசந்தத்தில் இதன் எஞ்சின் மூடியின் மரத்தை முழுதாக மாற்றினேன். வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் எல்லாமே அருமை என்றுதான் எழுதியிருப்பேன். பலகை வேலையைப் பொறுத்தவரை உண்மை தெரிய சில குளிர்காலங்கள் போக வேண்டும்.

முதலில் தெரிந்த அறிகுறி கீல் திருகுகள். எவ்வளவு முறுக்கினாலும் சுற்றிக்கொண்டே இருந்தன, பிடிக்கவில்லை. பிறகு மூடியைத் தூக்கி நிறுத்தும் காஸ் ஸ்ட்ரட்டின் தாங்கி ஒரு நாள் மரத்தோடு பிய்ந்து வந்தது. வினைலைப் பிரித்ததும் கருப்பாக, இழை இழையாக ஒரு பொருள் கையோடு வந்தது. உதவிக்கு வந்த நண்பன் அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “மச்சான், இது பலகையோ, தேத்தண்ணியில ஊறின பாணோ?” என்றான். ஸ்டேப்பிள்கள் துருவாகி, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு கருப்பு வட்டம். மேலிருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது போன வருடத்துத் தண்ணீர் வந்தது.

தண்ணீர் வந்த வழி தையல். வினைல் தண்ணீரை விடாது, ஆனால் தையலில் ஒவ்வொரு ஊசி ஓட்டையும் விடும். உள்ளே போனது திரும்பி வர வழி இல்லை. சாதாரண ஸ்பாஞ்ச் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் அடியில் எந்தப் பூச்சும் இல்லாத பிளைவுட். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் பூஞ்சை வளராது என்பார்கள். இந்தப் பெட்டிக்குள் அது கோடை முழுக்க அதற்கு மேலேதான் இருந்திருக்கும். பிறகு குளிர்காலத்தில் அதே தண்ணீர் உறைந்து விரிந்து, பிளைவுட்டின் அடுக்குகளைப் பிளக்கும். படகைக் கட்டிய நிறுவனம் வெட்டிய ஓரங்களிலாவது ஒரு கை வார்னிஷ் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

எந்தப் பலகை என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எச்.டி.பி.ஈ. என்ற வெள்ளை பிளாஸ்டிக் பலகை அழுகவே அழுகாது, உண்மைதான். ஆனால் அதே தடிப்பில் ஒக்கூமே என்ற லேசான மரத்தின் பிளைவுட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. வெயிலில் வளையும். பசை ஒட்டாது. ஸ்டேப்பிள் பிடிப்பும் சுமார்தான். மரக்கடையில் கிடைக்கும் ரசாயனம் ஏற்றிய பச்சைப் பலகையையும் தவிர்த்தேன். பெரும்பாலும் ஈரத்தோடேயே விற்பார்கள், அதன் மேல் எப்பாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து தடவினால் கெட்டியாக இறுகும் பூச்சு) சரியாகப் பிடிக்காது. அதிலிருக்கும் செம்பு அலுமினியத்தையும் சாதாரண இரும்பு ஸ்டேப்பிளையும் அரிக்கும். கண்ணாடி இழை கலந்த கூசா பலகை எடை குறைவு, மரமே இல்லை, ஆனால் விலை கையைக் கடித்தது. அதை அறுக்கும்போது பறக்கும் தூசி உடம்பெல்லாம் அரிக்கும்.

கடைசியில் 12 மில்லிமீட்டர் ஒக்கூமே மரைன் பிளைவுட், பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரையோடு. இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ‘மரைன்’ என்றால் அழுகாது என்று அர்த்தமில்லை. பசை தண்ணீரில் விடாது, உள் அடுக்குகளில் பொந்து இருக்காது, அவ்வளவுதான். ஒக்கூமே மரத்துக்கு இயல்பாகவே அழுகலைத் தாங்கும் சக்தி குறைவு. பூச்சு இல்லாமல் போட்டால் பழைய பலகையின் கதைதான் இதற்கும்.

அளவெடுக்கும்போது பழைய பலகையை அப்படியே வரைந்து வெட்டாதீர்கள். ஊறி உப்பியிருக்கும். ஃபைபர்கிளாஸ் வாயை அளந்து, வினைலும் ஃபோமும் மடிந்து வரும் தடிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறத்துக்கும் எஞ்சின் மேலிருக்கும் ஃப்ளேம் அரெஸ்டருக்கும் (எஞ்சினின் தீ வெளியே பாயாமல் தடுக்கும் கருவி) நடுவே எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள். இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று 18 மில்லிமீட்டர் போட்டு, பிறகு மூடி சரியாக உட்காராமல் திணறியவர்கள் உண்டு.

பூச்சுக்கு வெஸ்ட் சிஸ்டம் எப்பாக்ஸி: 105 ரெசின், அதை இறுக வைக்கும் 205 ஹார்டனர், ஐந்துக்கு ஒன்று. 206 ஹார்டனர் மெதுவாக இறுகும், நிதானமாக வேலை செய்யலாம், ஆனால் அதற்கு 16 பாகை செல்சியஸாவது வேண்டும். ஏப்ரல் மாதத்து ஒன்ராறியோ கராஜில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? 205 என்றால் 4 பாகை வரை தாங்கும். வெட்டிய ஓரங்கள் ரெசினைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிரஷ்ஷால் தடவிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி மங்கிப்போகும். இனி குடிக்காது என்று பளபளப்பு நிற்கும்வரை தடவ வேண்டும். முழுப் பலகைக்கும் மூன்று பூச்சு. காய்ந்த பூச்சின் மேல் மெழுகு போல ஒரு பிசுபிசுப்பு படியும். அதைத் தண்ணீரும் தேய்ப்பானும் வைத்துக் கழுவிய பிறகுதான் அடுத்த பூச்சு. கழுவாமல் தடவினால் பின்னால் உரிந்து வரும். கலந்த ரெசினைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள், சூடேறிப் புகையும்.

திருகு ஓட்டை எல்லாவற்றையும் பெரிதாகத் துளைத்து, சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் அடைத்து, காய்ந்ததும் நடுவில் மறுபடி துளைத்தேன். திருகு மரத்தைத் தொடாது, எப்பாக்ஸிக்குள்ளேயே நிற்கும். ஸ்ட்ரட் தாங்கிக்குத் திருகே வேண்டாம் என்று ஊடுருவும் போல்ட்டும் பின்னால் ஒரு தகடும்.

இனி ஸ்டேப்பிள். பலகையைச் சுற்றி இவ்வளவு கவனமாகப் பூசிவிட்டு, கடைசியில் நூற்றுக்கணக்கில் ஓட்டை போடுகிறோம். வேறு வழியில்லை, வினைல் நிற்க வேண்டுமே. அதனால் எல்லாவற்றையும் அடிப்பக்கத்தில் மட்டும் அடித்தேன். கால் நீளம் 10 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் பலகையின் மேல்பக்கத்தை அது தொடாது. அடிப்பக்கத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதும் இல்லை. வினைல் தைத்துக்கொடுத்த கடையில் சாதாரண ஸ்டேப்பிள்தான் வைத்திருந்தார்கள். நானே துருப்பிடிக்காத எஃகு ஸ்டேப்பிள் பெட்டி வாங்கிவந்து என் கையால் அடித்தேன். காந்தத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், நல்ல 304 எஃகுகூடக் கம்பியாக இழுத்தால் லேசாக ஒட்டும். உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் போட்டு வையுங்கள், அது பொய் சொல்லாது.

இத்தனையிலும் என் மனத்துக்கு முக்கியமானது பலகையும் இல்லை, எப்பாக்ஸியும் இல்லை. தண்ணீர் வெளியேற விட்ட வழிதான். மேல் மெத்தைக்கு, தண்ணீரைப் பிடிக்காமல் விட்டுவிடும் பெரிய கண்ணறை ஃபோம் போட்டேன். பலகையின் பின் ஓரத்தில் சில வடிகால் ஓட்டைகள் துளைத்து அவற்றின் உட்சுவரிலும் எப்பாக்ஸி தடவினேன். பின் மூலைகள் இரண்டிலும் வினைலை இறுக்கி மூடாமல் ஒரு விரல் அகலம் விட்டேன். தைத்த கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை, அரைகுறை வேலை போலத் தெரிகிறதாம். இன்றைக்கும் மழை விட்ட பிறகு அந்த இடைவெளிகளில் தண்ணீர் சொட்டுவதைப் பார்க்கலாம். பழைய மூடியில் அது அத்தனையும் உள்ளேயே கிடந்தது.

சரி, இத்தனை கோடை போன பிறகு எப்படி இருக்கிறது?

பலகை உறுதி. ஒவ்வொரு வசந்தத்திலும் ஸ்குரூ டிரைவர் பிடியால் அடிப்பக்கமெல்லாம் தட்டிப் பார்க்கிறேன், எங்கும் ‘டக் டக்’ என்றே கேட்கிறது, ‘தொப்’ என்று இல்லை. 2023இல் ஒரு மூலையில் மட்டும் ஸ்டேப்பிள் வரிசையைப் பிடுங்கிப் பார்த்தேன். கால்கள் பளிச்சென்று இருந்தன, துளைக்குள் மரம் வெளிர் நிறத்திலேயே இருந்தது. கீல் ஒரு தடவைகூடத் தளரவில்லை.

குறைகளும் உண்டு. மேல் மெத்தையின் பின் விளிம்பில் தையல் விட்டுவிட்டது. வினைலுக்கு ஒன்றுமில்லை, வெயில் பாலியெஸ்டர் நூலைத் தின்றுவிட்டது. இப்போது அந்த விளிம்பு மட்டும் வெயில் தாங்கும் பி.டி.எஃப்.ஈ. (டெஃப்லான் வகை) நூலில் மறுபடி தைத்திருக்கிறது. நூல் விலையைக் கேட்டால் தலை சுற்றும், ஆனால் தையற்கூலி அதைவிட அதிகம், ஆகவே முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். காசு மிச்சம் பிடிக்க நினைத்து, பக்கவாட்டில் பழைய வினைலையே மாட்டியிருந்தேன். அதில் இளஞ்சிவப்புக் கறைகள் மேலெழும்பி வந்தன. அவை அழுக்கு இல்லை, பின்னால் வளரும் நுண்ணுயிர்களின் சாயம். எதைத் தேய்த்தாலும் போகாது.

அடிப்பக்கத்தில் ஒட்டிய ஒலித்தடுப்பு ஃபோம்தான் பெரிய ஏமாற்றம். பசை எஞ்சின் சூட்டில் இளகி, ஒரு மூலை தொங்க ஆரம்பித்தது. அது பெல்ட்டில் சிக்கினால் விபரீதம். பசையை நம்பாமல் அகல வாஷரோடு குட்டைத் திருகுகள் போட்டு இறுக்கியிருக்கிறேன். ஒலியைக் குறைக்கிறேன் என்று காற்றுப் போகும் வாய்களை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி வெளியேற வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் முன் அந்த ஆவியை வெளியேற்றும் ப்ளோயர் விசிறியை நான்கு நிமிடம் ஓட விடுவது, மூடி புதிதானாலும் பழையதானாலும் மாறாது.

குளிர்காலத்துக்கு இப்போது மூடியைக் கீல் ஊசியை உருவிக் கழற்றி, வீட்டு நிலவறையில் சாய்த்து வைத்துவிடுகிறேன். எடை குறைவு என்பதால் ஒரு ஆளே தூக்கலாம். பிளாஸ்டிக் சுற்றிய படகுக்குள் விட்டுவைத்தால் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். நண்பன் தன் படகுக்குக் கூசா போட்டான். எடையில் அவனுடையதுதான் வெற்றி. ஆனால் ஓரங்களில் ஸ்டேப்பிள் சில எழும்பி, இரண்டு இடத்தில் வினைல் தளர்ந்திருக்கிறது. பக்கச் சுவர்களுக்கு மட்டும் என்றால் நானும் அடுத்த முறை கூசா எடுப்பேன். ஆள் உட்காரும் மேல் பலகைக்கு பிளைவுட்தான்.