பெரம்பூரில் வீடு பார்க்கப் போய் பத்து இலக்கப் பெட்டியில் மாட்டிய கதை

கையில் இருப்பது லண்டன் எண், தேடுவது வடசென்னைப் பெரம்பூரில் வீடு. பிரிட்டன் மொபைல் எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் மிச்சம் பத்து இலக்கம், 7-ல் ஆரம்பிக்கும். நம்மூர் எண்ணும் பத்து இலக்கம்தான். 6, 7, 8, 9 எதிலும் ஆரம்பிக்கலாம். பெரம்பூரில் அடுக்குமாடி விற்கும் ஒரு பில்டரின் வெப்சைட்டில் 'விலை அறிய எண்ணைப் பதிவு செய்யவும்' என்று ஒரு பெட்டி. அதற்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. பிரிட்டன் குறியீடான 44-ல் ஆரம்பித்து அடித்தால் பத்தாவது இலக்கத்தோடு வாயை மூடிக்கொள்கிறது. பூஜ்யத்தோடு அடித்தால் 'சரியான எண் தரவும்' என்று சிவப்பில் திட்டுகிறது. பூஜ்யத்தை விட்டுவிட்டு அடித்தால் பச்சை டிக் போட்டு, ஓடிபி அனுப்பியாச்சு என்கிறது. யாருக்கு? முன்னால் தானாக +91 சேர்த்துக்கொண்டு, இந்தியாவில் எங்கோ இருக்கும் யாரோ ஒருவருக்கு. அந்த மனிதர் பாவம், கேட்காத வீட்டுக்கு ஓடிபி வந்து முழித்திருப்பார்.

இதில் எரிச்சலைக் கிளப்புவது என்னவென்றால், அதே பக்கத்தின் உச்சியில் 'வெளிநாடுவாழ் இந்தியர்களுக்குச் சிறப்பு வரவேற்பு' என்று பேனர். தேம்ஸ் நதிப் பாலம் வேறு பின்னணியில். வாசலில் கோலம் போட்டுவிட்டு கதவை உள்பக்கம் தாழ் போட்டது போல.

சரி செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல்; அதில் +91 முதலிலேயே நிற்கட்டும், ஆனால் மாற்ற முடிய வேண்டும். எண்ணுக்கான நீளம் பத்து என்று கட்டிப்போடக் கூடாது. உலகத் தொலைபேசி எண்களுக்கான பொது விதிப்படி நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம் வரலாம். இடைவெளி, கோடு, முன்னால் வரும் பூஜ்யம் எல்லாவற்றையும் சர்வர் பக்கத்தில் சுத்தம் செய்துகொள்ளலாம். அதற்காக நிரப்புகிறவரைத் திட்ட வேண்டியதில்லை. பெட்டியை தொலைபேசி வகை என்று குறித்தால் மொபைலில் எண் விசைப்பலகை தானாக வரும். எழுத்து அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் பெட்டியைத் தொட்டவுடன் பக்கம் தானாகப் பெரிதாகி, பாதி ஃபார்ம் திரைக்கு வெளியே ஓடிவிடும். இந்த சைட்டில் அதுவும் நடந்தது.

ஓடிபி எதற்கு என்று கேட்டால் பில்டர் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. விளம்பரக் கம்பெனிக்கு ஒவ்வொரு விசாரணைக்கும் காசு கொடுக்கிறார்கள். பொய் எண்களை வடிகட்ட வேண்டும். ஆனால் இங்கே எஸ்எம்எஸ் அனுப்ப, அனுப்புபவர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து வைத்த உள்நாட்டுப் பாதையைத்தான் பிடிக்கிறார்கள். வெளிநாட்டு எண்ணுக்கு அனுப்ப சர்வதேசப் பாதைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், பெரும்பாலும் கட்டுவதில்லை. ஆகவே பெட்டி +44-ஐ ஏற்றுக்கொண்டாலும் ஓடிபி வந்து சேராது. முதல் விசாரணைக்கு ஓடிபியே வேண்டாம். சைட் விசிட்டுக்கு நேரம் குறிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டு எண் என்றால் மின்னஞ்சலில் உறுதி செய்யலாம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வீடு முடித்துக் கொடுத்த அந்தக் கால பெரம்பூர் புரோக்கர்கள் விலையை முதல் மூச்சிலேயே சொல்வார்கள். "நாற்பது ரூபா சொல்றாங்க தம்பி, முப்பத்தெட்டுல முடிச்சிடலாம்." ரூபாய் என்றால் லட்சம் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. வாய்க்கு வந்த விலையாகவே இருக்கட்டும், பேச்சு ஆரம்பிக்க ஒரு பிடி கிடைத்தது. இப்போது 'விலை கோரிக்கையின் பேரில்'. லண்டனில் ரைட்மூவ் என்ற வீடு தேடும் சைட்டைத் திறந்தால் விலை, வீட்டு வரைபடம், குத்தகை நிலம் என்றால் மிச்சம் எத்தனை ஆண்டு, கவுன்சில் வரி எந்தப் பிரிவு எல்லாம் எண் கொடுக்காமலே வரும். அங்கே ஏஜென்ட்கள் தர்மவான்கள் என்று அர்த்தமில்லை. விலை தெரிந்தவர்தான் போன் செய்வார், அந்த போனுக்குத்தான் மதிப்பு என்று அவர்களுக்குத் தெரியும். விலையை மறைத்து வாங்கும் நூறு எண்களில் பாதிப் பேர் விலையைக் கேட்டவுடன் வைத்துவிடுகிறவர்கள். அதற்கு டெலிகாலர் சம்பளம் தண்டம்.

விலை என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை எண்ணைப் போடுவதும் போதாது. எந்த சதுர அடி? சூப்பர் பில்டப் (படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடப் பங்கும் சேர்த்தது) 1,000 என்றால் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரை) பெரும்பாலும் 700-ஐ ஒட்டித்தான் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். கூடவே பிரிபடாத நிலப்பங்கு, அதான் யூடிஎஸ், எத்தனை சதுர அடி என்பதும். வடசென்னையில் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் வேலைதான் அதிகம். நாளைக்கு மறுபடி இடிக்கும்போது கையில் நிற்பது அந்த யூடிஎஸ்தானே. கட்டி முடியாத வீட்டுக்கு பெரும்பாலும் 5 சதவீத ஜிஎஸ்டி, கட்டட முடிவுச் சான்றிதழ் வந்த பிறகு விற்றால் ஜிஎஸ்டி இல்லை, கார் நிறுத்தத்துக்கு எவ்வளவு, பதிவுச் செலவு எவ்வளவு என்று நாலு வரி எழுதினால் கேட்க வேண்டிய கேள்வி பாதியாகக் குறையும். மிச்சப் பாதிக்குத்தான் ஆள் போன் எடுப்பார்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் விஷயம் இன்னும் வேடிக்கை. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11-வது பிரிவு, விளம்பரத்தில் ரெரா ஆணையத்தின் இணைய முகவரியைக் கண்ணில் படும்படி போட வேண்டும், திட்டத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்கிறது. இந்த பில்டர் அதை விளக்கக் கையேட்டுக்குள் (பிரோஷர்) போட்டிருக்கிறார். கையேடு வேண்டுமானால் ஓடிபி. சட்டம் எல்லோருக்கும் காட்டச் சொன்னதைப் பூட்டுக்குள் வைத்துவிட்டு, திறந்து காட்டுவது நீச்சல் குளமும் தென்னை மரமும் வைத்த கம்ப்யூட்டர் படம். ரெரா எண்ணும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண்ணும் விலைக்கு அடுத்த வரியில், காப்பி செய்யக்கூடிய எழுத்தாக இருக்க வேண்டும். படத்துக்குள் அச்சடித்த எண்ணை யாரும் தேடிப் பார்க்க முடியாது.

வடசென்னைக்கென்று சில கேள்விகள் உண்டு. எந்த வார்ப்புருவிலும் அவை இருக்காது. 2023 டிசம்பர் மழையில் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது? மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீர் உப்பா? கன்டெய்னர் லாரி போகும் ரோடா? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டுமா? காற்று திரும்பினால் கொடுங்கையூர் குப்பைமேட்டு வாடை வருமா? இதையெல்லாம் எழுதினால் வீடு விற்காது என்று பயப்படுகிறார்கள். எழுதாவிட்டாலும் முதல் சைட் விசிட்டில் மூக்கே சொல்லிவிடும். 'மெட்ரோவுக்கு 5 நிமிடம்' என்று போடுவதில் வேறு ஒரு தந்திரம்: எந்த நிலையம், நடந்தா, காரிலா, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலா என்று சொல்வதில்லை. 'பெரம்பூர்' என்ற பெயரே எருக்கஞ்சேரி தாண்டி மாதவரம் வரை இழுபட்டுக் கிடக்கிறது.

மொபைல் திரையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இப்போதே அழைக்கவும்' பட்டையும், மூலையில் 'ஹாய்!' என்று துள்ளும் சாட் குமிழும் சேர்ந்து சமர்ப்பிக்கும் பொத்தானையே மூடியிருந்தன. ஒட்டும் பட்டை ஒன்று போதும். அதன் உயரத்துக்குப் பக்கத்தின் அடியில் இடம் விட வேண்டும். படங்கள் போனில் எடுத்தபடியே நாலைந்து எம்பி. 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற பட வடிவில் ஏற்றினால் 200 கேபிக்குள் அடங்கும். முதல் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

சந்தோஷப்பட ஒன்று கிடைத்தது தண்டையார்பேட்டையில். ஒரு சின்ன புரோக்கரின் பக்கம். டிசைன் என்று சொல்ல எதுவுமில்லை, நிறம் கண்ணைக் குத்துகிறது. ஆனால் 2021-ல் மெட்ரோ நீட்டிப்பு திறந்த பிறகு அந்தப் பக்கம் வீடு தேடுகிறவருக்கு என்ன வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெருவின் இரண்டு முனையிலிருந்தும் படம். சம்ப் மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம். மீட்டர் பெட்டி. மொட்டை மாடியில் வெடிப்பு பூசிய இடம்கூட மறைக்காமல். விலை, 'பேசலாம்' என்ற சொல்லோடு. 'மெட்ரோ நடந்து 9 நிமிடம், மெயின் ரோடு கிராஸ் பண்ணணும்.' 'மழைக்கு வாசப்படி வரைக்கும் தண்ணி, உள்ள வரல.' கீழே ஒரே ஒரு பச்சைப் பொத்தான்: தொட்டால் வாட்ஸ்அப் திறக்கிறது, வீட்டுக் குறியீடும் 'இந்த வீடு இன்னும் இருக்கா அண்ணே?' என்ற வரியும் தயாராக நிற்கின்றன. இதற்கு வாட்ஸ்அப் லிங்க்கில் 91 சேர்த்து முழு எண் போட வேண்டும், கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது. வாசகத்தை லிங்க்கிலேயே இணைத்துவிடலாம். லண்டன் எண்ணும் திருவொற்றியூர் எண்ணும் அதற்கு ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் "இருக்குங்க, வில்லங்கச் சான்று அனுப்பட்டா?" என்று பதில்.

பெரம்பூர் பெட்டிக்கு கடைசியில் அக்காவின் எண் கொடுக்கப்பட்டது. சாயங்காலத்துக்குள் ஒரகடம் மனை, வீட்டுக் கடன், மாடுலர் கிச்சன் என்று வரிசையாக அழைப்பு. ஃபார்மின் அடியில் 'நாங்களும் எங்கள் கூட்டாளிகளும் தொடர்புகொள்ளச் சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்ததுதான் காரணம். 2023 தனிநபர் தரவுச் சட்டம், குறிப்பிட்ட நோக்கத்துக்கு, ஆள் தானாகச் செய்யும் தெளிவான செயலால் வந்ததுதான் சம்மதம் என்கிறது. கட்டம் காலியாக இருக்க வேண்டும். இந்த வீட்டைப் பற்றிப் பேச ஒன்று, மற்ற விளம்பரத்துக்கு வேறொன்று.

அத்தனை அழைப்புக்கு நடுவில் அந்த பில்டர் ஆபீஸிலிருந்தும் ஒன்று வந்தது. முதல் கேள்வி: "மேடம், எந்த ஏரியாவுல பாக்குறீங்க?" ஃபார்ம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை படுக்கையறை, எந்த மாடி என்பது அவர் கையில் இல்லை. எல்லா ஃபார்மும் ஒரே பொது மின்னஞ்சலுக்குப் போகிறது, பெயரும் எண்ணும் மட்டும். பக்க முகவரி, வீட்டுக் குறியீடு, எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்ற மூன்றையும் மறைவுப் புலங்களாக (நிரப்புகிறவர் கண்ணில் படாத பெட்டிகள்) ஃபார்முக்குள் வைத்தால் அது தானாகவே கூடப் போகும். அனுப்பிய பிறகு வரும் நன்றிப் பக்கத்தில் எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்குக் கூப்பிடுவோம் என்று எழுதி, நேரத்தைத் தேர்ந்தெடுக்கவும் விட வேண்டும். இவர்களுடைய காலை பத்து மணி லண்டனில் கோடையில் ஐந்தரை, குளிர்காலத்தில் நாலரை.