ஒரு கிலோவுக்கு 150 மில்லி: பாவித்துப் பார்த்த பால் கணக்கு

மகளுக்கு நாலரை மாதமானபோது என் 84 வேலைநாள் பிரசவ லீவு (சனி, ஞாயிறு, விடுமுறை நாள் கணக்கில் வராது) முடிந்தது. வீடு திருகோணமலை உவர்மலையில், படிப்பிக்கும் பள்ளிக்கூடம் நிலாவெளிப் பக்கம். காலை ஏழுக்கு முன் இறங்கினால் வீடு திரும்ப இரண்டு மணியாகும். இந்த ஏழு மணித்தியாலத்துக்கு அம்மாவிடம் எவ்வளவு பால் எடுத்து வைத்துவிட்டுப் போவது?

அப்போதுதான் இந்தக் கணக்கைப் பிடித்தேன். பிள்ளையின் எடையை 150 ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்குரிய பால் மில்லிலீற்றரில் வரும். அதைக் குடிக்கிற தடவைகளால் பிரித்தால் ஒரு வேளைக்குரியது. மகள் 6.2 கிலோ. 930 மில்லி, எட்டு வேளை, வேளைக்கு 116. நான் இல்லாத நேரத்தில் மூன்று வேளை என்றால் கிட்டத்தட்ட 350.

தாய்ப்பால் எடுக்கிற கைப்பம்பில் விடிய ஒரு தரம், படுக்கமுன் ஒரு தரம் எடுத்தால் மொத்தமே 200தான் தேறும். மிச்ச 150க்கு எங்கே போவது? முதல் கிழமை நடுச்சாமத்திலும் எழும்பிப் பம்பை அமத்தினேன். பால்மா டின் ஒன்றை வாங்கக் கடை வாசல் வரை போனதும் உண்டு.

அம்மாவிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, குடித்த அளவை எழுதச் சொல்லியிருந்தேன். “7.40 குடிச்சது. நித்திரை. 10.30 குடிச்சது, கொஞ்சம் மிச்சம்.” கொஞ்சம் எண்டால் எவ்வளவம்மா என்று கேட்டால் விரலிடுக்கில் காட்டுவார். போத்தலைச் சரித்துப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்தால் அளவு எப்படி வரும்? கேக் மா நிறுக்கிற டிஜிட்டல் தராசை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மில்லி பாலும் ஒரு கிராமும் ஏறக்குறைய ஒன்றுதான். குடிக்க முன்னும் பின்னும் போத்தலை நிறுத்தால் போதும். அந்தத் தராசில்தான் இன்னொன்றும் தெரிந்தது: போத்தலில் 100 என்று போட்ட கோடு வரை தண்ணீர் விட்டு நிறுத்தால் 92 கிராம்தான். அந்தக் கோட்டை நம்பி அளந்ததெல்லாம் பிழைதான்.

இரண்டு கிழமை நிறுத்துப் பார்த்ததில், நான் இல்லாத நேரத்தில் மகள் குடித்தது 210க்கும் 230க்கும் இடையில். மணித்தியாலத்துக்கு ஒரு 30 மில்லி. 350 எங்கே, இது எங்கே!

காரணம் பிறகுதான் பிடிபட்டது. 150 என்பது பால்மா குடிக்கிற பிள்ளைக்குப் போடுகிற கணக்கு. தாய்ப்பால் அப்படிக் கூடிக்கொண்டே போவதில்லை. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பெரும்பாலான பிள்ளைகள் ஒரு நாளில் குடிப்பது 750 மில்லிக்கு அங்கே இங்கேதான். எடை ஏறினாலும் அளவு அவ்வளவாக ஏறாது. கணக்கோ எடையோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். 7.4 கிலோவில் அது 1110 என்றது. அவ்வளவு பாலுக்கு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பம்போடுதான் இருக்க வேண்டும்.

கிளினிக்கில் மிட்வைஃபிடம் கொப்பியை நீட்டினேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. “ஒரு நாளைக்கு எத்தனை தரம் மூத்திரம் போறா?” என்று கேட்டார். ஏழெட்டுத் தரம் என்றேன். ஆறுக்குக் குறையாமல் நனைத்தால் சரியாம். வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, கோடு பச்சையில் ஏறுவதைக் காட்டினார். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அதற்காகக் கணக்கே குப்பை என்று சொல்ல மாட்டேன். சீனன்குடாவில் மச்சாளின் மகனுக்கு டொக்டர் சொல்லிப் பால்மா கொடுக்க வேண்டி வந்தது. அங்கே கச்சிதமாகப் பொருந்தியது: 4 கிலோ, 600 மில்லி, ஏழு வேளை, வேளைக்கு 85 அளவில். அவனும் சில வேளை 60ஓடு முகத்தைத் திருப்பிவிடுவான், சில வேளை 110 போகும். அன்றைய மொத்தம்தான் கணக்கு. மா கரைக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு டின்னில் சொன்ன கரண்டிக் கணக்கு. மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டினால் பிள்ளைக்குச் சத்துப் போகாது. பிறந்த முதல் கிழமையில் இந்த 150 பொருந்தாது, அப்போது மிகக் குறைவாகவே குடிக்கும். குறைமாதப் பிள்ளைக்கு டொக்டர்தான் அளவு சொல்ல வேண்டும்.

ஆடியில் சூடான கச்சான் காற்று அடித்தபோது வீட்டில் அடுத்த சண்டை. “இந்த வெக்கைக்குப் பிள்ளைக்குத் தொண்டை காயாதோ? ரெண்டு கரண்டி தண்ணி குடுத்தால் என்ன?” என்றார் அம்மா. ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம், பாலிலேயே தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே அந்த மாதம் போனது. வெக்கை நாளில் மகள் நான் வந்ததும் அடிக்கடி குடிப்பாள், கொப்பியில் அது ஏறாது. கரன்ட் போகிற நாளில் பிரிட்ஜை நம்பி வைத்த பால் ஒன்றிரண்டு தரம் கொட்டுப்பட்டது. வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நான் வைத்ததில்லை.

ஆறாம் மாதம் பம்பில் திடீரென்று பாதிப் பால்தான் வந்தது. பால் வற்றிவிட்டது என்று அழாத குறை. பார்த்தால் உள்ளே இருக்கிற சின்ன வால்வு ரப்பர் தளர்ந்திருந்தது. புதிதைப் போட்டதும் பழையபடி. பம்பு வாங்குகிறவர்கள் ஒரு வால்வை மேலதிகமாக வாங்கி வையுங்கள்.

சோறு தொடங்கியபின் கணக்கை நானே கைவிட்டேன். தராசு திரும்பக் கேக் மாவுக்குப் போய்விட்டது. கொப்பியின் மிச்சப் பக்கங்களில் அம்மா சீட்டுக்காசுக் கணக்கு எழுதுகிறார், அதில் மட்டும் ஒரு சதம் பிசகாது.