வண்டியில் ஏறுவதா, வீட்டிலிருந்து ஓடுவதா?

தன்னார்வ ஆம்புலன்ஸ் சேவையில் சேர விண்ணப்பம் வாங்கியவர்கள் பலரும் தயங்கி நிற்கும் இடம், 'எந்தப் பணிக்கு?' என்ற கட்டம். பெரும்பாலும் போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான். ஒன்று, வாரத்தில் சில மணி நேரம் நிலையத்தில் இருந்து வண்டியோடு போகும் குழு. மற்றது, வீட்டில் இருந்தபடியே, பக்கத்தில் அழைப்பு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்பே போய்ச் சேரும் முதல் உதவியாளர் பணி. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

முதல் உதவியாளரின் பலம் நிமிடங்களில் இருக்கிறது. இதயம் நின்றுபோனவருக்கு சி.பி.ஆரும் (மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தொடரவைக்கும் முதலுதவி), ஏ.இ.டி. என்னும் கையடக்கக் கருவி தரும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. வண்டி வர எட்டு நிமிடம் ஆனால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த தெருவில் இருப்பவரோ மூன்றாவது நிமிடத்தில் மார்பில் கை வைத்துவிடுவார். ஸ்டாக்ஹோமில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், பக்கத்தில் இருந்த பயிற்சி பெற்றவர்களைக் கைப்பேசி வழியாக அழைத்தபோது, 62 சதவீதம் பேருக்கு ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே சி.பி.ஆர். தொடங்கியிருந்தது. அழைக்காதபோது அது 48. உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசத்தை அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் சும்மா காத்திருக்கும் நேரம் குறைந்தது உண்மை.

சரி, அப்படியானால் எல்லோரும் அதிலேயே சேரலாமே? அங்கேதான் தனிமை வருகிறது. கதவு திறக்கிறது. உள்ளே நான்கு பேர் அழுகிறார்கள், ஒருவர் தரையில் கிடக்கிறார், எல்லாக் கண்களும் உங்கள் மேல். மார்பு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. விலா எலும்பு நொறுங்குவது கையில் தெரியும். தெரிந்தும் நிறுத்தக் கூடாது. இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள். வண்டிக் குழுவில் மாற ஆள் உண்டு. தனியாகப் போனவர், அழுதுகொண்டிருக்கும் மகனைக் கூப்பிட்டு, கையை எங்கே வைப்பது என்று காட்டித்தான் மாற வேண்டும்.

வண்டிக் குழுவில் சேர்ந்தால் இவ்வளவு பரபரப்பு இருக்காது. வரும் அழைப்புகளில் பெரும்பகுதி விழுந்த முதியவர்கள், மூச்சுத்திணறல், சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள். இதைக் கேட்டு ஏமாற்றம் அடைபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தொழில் கைக்கு வருவது அங்கேதான். என் மூத்தவர் ஒருவர், குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, மணிக்கட்டைப் பிடித்தபடி "உங்க பேர் என்னம்மா, எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார். ஆறுதலாகப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பும் வழியில் விளக்கினார்: பதில் பொருத்தமாக வந்தால் நினைவு இருக்கிறது, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடித்தால் சுவாசம் பரவாயில்லை, விரலுக்கு அடியில் நாடி, தோல் சில்லிட்டு வியர்த்திருக்கிறதா என்பதும் அதே விரலில். ஒரே கேள்வியில் நான்கு சோதனை. வகுப்பில் இதையெல்லாம் தனித்தனியாகப் படித்திருந்தேன்.

அப்புறம் ஷிப்டின் முதல் அரை மணி நேரம். ஆக்ஸிஜன் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது, சளி உறிஞ்சும் கருவி இழுக்கிறதா, மார்பில் ஒட்டும் ஏ.இ.டி. பேடின் காலாவதித் தேதி என்ன என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது. இந்தப் பழக்கம் இல்லாமல் வீட்டில் பை வைத்திருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் 1928இல் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் தொடங்கிய தன்னார்வ மீட்புச் சேவையும் ஒரு குழுதான். சிறுவயதில் ஆற்றில் இருவர் மூழ்குவதையும், கரையில் நின்றவர்களால் எதுவும் செய்ய முடியாமல் போனதையும் பார்த்தவர் அவர். கரையில் நின்றவர்களுக்கு மனம் இல்லாமலா இருந்திருக்கும்? பயிற்சியும் சேர்ந்து செய்யும் பழக்கமும் இல்லை.

நேரக் கணக்கு ஏமாற்றும். குழுவில் சேரப் பயிற்சி நீளம், அமெரிக்காவில் ஈ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) சான்றுக்குப் பொதுவாக 120 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் உதவியாளர் பயிற்சி பல இடங்களில் சில நாட்களில் முடிந்துவிடும். ஆனால் ஷிப்ட் முடிந்தால் முடிந்தது, வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். முதல் உதவியாளரின் கைப்பேசியோ சாப்பாட்டு நேரத்திலும் அடிக்கும். அழைப்பு வரும் செயலியை அணைத்து வைக்கவும் பழக வேண்டும்.

நோயாளி கைவிட்டுப் போன நாளில் வித்தியாசம் இன்னும் பெரிது. குழுவினர் திரும்பும் வழியில் பேசிக்கொள்வார்கள், அல்லது சேர்ந்து பேசாமல் இருப்பார்கள். முதல் உதவியாளர், வண்டி கிளம்பியதும் தெருவில் பையோடு தனியாக நிற்பார். அந்த மனிதர் பிழைத்தாரா என்றுகூடத் தெரியவராது.

ஓட்டுநர் பணியும் கட்டுப்பாட்டு அறைப் பணியும் உண்டு. பின்னால் ஒருவர் நின்றபடி மார்பை அழுத்திக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்காமல் பிரேக் பிடிப்பவரே நல்ல ஓட்டுநர். வேகத்தை விரும்புபவருக்கு அது சரிவராது. ரத்தம் பார்த்தால் தலை சுற்றுபவர்கள் கட்டுப்பாட்டு அறையைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். தொலைபேசியில் எண்ணிச் சொல்லி, முன்பின் தெரியாதவரின் கைகளால் சி.பி.ஆர். செய்யவைப்பது எளிய வேலை அல்ல.

புதிதாக வருபவர் முதல் ஒரு வருடம் வண்டியில் ஏற வேண்டும், அதற்குப் பிறகே வீட்டிலிருந்து ஓட வேண்டும் என்பது என் முடிவு. வண்டி வர அரை மணி நேரம் பிடிக்கும் ஒதுக்குப்புறங்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கே காத்திருக்க நேரம் இல்லை. அங்கும் சேரும்போதே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சொந்த வண்டியில் அழைப்புக்குப் போனால் காப்பீடு யார் பொறுப்பு, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவார்களா, தனியாக அனுப்பும் முன் எத்தனை முறை மூத்தவரோடு வண்டியில் அனுப்புவார்கள். மூன்றாவது கேள்விக்கு 'தேவையில்லை' என்று பதில் வந்தால், அந்தச் சேவையில் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.