பொன்முடியா, வர்க்கலையா?

மார்த்தாண்டத்தில் இருந்து இரண்டு நாள் சாகசம் என்றாலே இந்தக் கேள்விதான் வரும். பொன்முடி மலை, வர்க்கலை கடற்கரை ஊர்; இரண்டும் கேரளத்தில். இரண்டுக்கும் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

போக்குவரத்து: வர்க்கலைக்குக் குழித்துறையில் ரயில் ஏறினால் வர்க்கலை சிவகிரியில் இறங்கலாம், பெரிய செலவில்லை. பொன்முடிக்குத் திருவனந்தபுரம் போய், நெடுமங்காடு, விதுரை வழியாகப் பஸ். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள்.

சாகசம்: பொன்முடி சுமார் 1,100 மீட்டர் உயரம். ஆனால் உண்மையான நடை கீழே, கல்லாற்றில் இருந்து மீன்முட்டி அருவிக்குப் போகும் காட்டுப் பாதைதான். மழைக்குப் பிறகு போனால் அட்டை சாக்ஸுக்குள் நுழைந்துவிடும். கடிப்பது தெரியாது, ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். கொஞ்சம் உப்பு பொட்டலம் கட்டி வையுங்கள். வர்க்கலையில் செம்மண் பாறை விளிம்பில் நடை, கீழே பாபநாசம் கடற்கரை, அலைச்சறுக்குப் பயிற்சி. விளிம்பு மண் சரியும், செல்ஃபிக்காக ஓரம் போக வேண்டாம்.

மழைக்காலம்: இரண்டுமே சரியில்லை. கடல் சீறும், மலையில் மண் சரிந்து பாதையை அடைப்பார்கள்.

சாப்பாடு: வர்க்கலையில் விலை கடிக்கும். பொன்முடி வழியில் தட்டுக்கடை (ரோட்டோரக் கடை) கட்டன்சாயாவும் (பால் இல்லாத டீ) பழம்பொரியும் (வாழைப்பழ பஜ்ஜி) போதும்.

குழந்தைகள், வயதான அம்மா கூட வந்தால் வர்க்கலை. நண்பர்கள் மட்டும், டிசம்பர் குளிர், கால் வலித்தாலும் பரவாயில்லை என்றால் பொன்முடி. எனக்கு? அட்டை கடித்தும் இரண்டாம் முறை போனேன்.